பத்துக்கு ஒன்பது

அமெரிக்காவில் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்கள், படுக்கையறை எத்தனை, வாசல் எந்தத் திசை என்பதற்கெல்லாம் முன்பு ஓர் எண்ணைப் பார்க்கிறார்கள். ஜில்லோ போன்ற வீட்டு விற்பனைத் தளங்களில், விற்பனைக்கு வரும் வீட்டின் விவரங்களோடு அந்த முகவரிக்குரிய பள்ளிகளின் பெயர்களும் பத்துக்கு எத்தனை என்ற மதிப்பெண்ணும் இருக்கும். கிரேட்ஸ்கூல்ஸ் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு கணக்கிட்டுத் தரும் மதிப்பெண் அது. ஒன்பது, பத்து என்றால் உடனே வீட்டைப் பார்க்கக் கிளம்புவார்கள். ஐந்து என்றால், கிழக்கு பார்த்த வாசலாகவே இருந்தாலும் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இந்த எண்ணுக்குச் சந்தையில் விலை உண்டு. பொருளியலாளர் சாண்ட்ரா பிளாக் 1999இல் வெளியிட்ட ஆய்வில் பாஸ்டன் புறநகர்களை எடுத்துக்கொண்டார். பள்ளி எல்லைக்கோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும், மற்றபடி ஒரே மாதிரியான வீடுகளை ஒப்பிட்டார். தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடினால், வீட்டுக்குச் சுமார் 2.5 சதவீதம் அதிகம் கொடுக்கப் பெற்றோர் தயாராக இருந்தார்கள். ஐந்து லட்சம் டாலர் வீட்டில் அது 12,500 டாலர். இவ்வளவு கொடுத்து வாங்கும் எண் எதை அளக்கிறது என்று விசாரிப்பவர்கள் குறைவு. பெரும்பாலும் அது அந்த ஊரில் யார் குடியிருக்கிறார்கள் என்பதை அளக்கிறது. பள்ளி தன் பிள்ளைகளுக்கு ஓர் ஆண்டில் என்ன கற்றுத்தருகிறது என்பதை அறிய வேறு இடத்தில் பார்க்க வேண்டும்.

முதலில் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்பது என்ன என்று தெளிவுபடுத்திக்கொள்வோம். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகள் வரும் நாளில் விருதுநகர் எத்தனை சதவீதம், கன்னியாகுமரி எத்தனை சதவீதம் என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அங்கே மாவட்டம் மாறினாலும் பாடநூல் ஒன்று, தேர்வு ஒன்று, அரசுப் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் தருவதும் ஒரே மாநில அரசு. அமெரிக்கப் பள்ளி மாவட்டம் வேறு வகை. பல மாநிலங்களில் அது தனி உள்ளாட்சி அமைப்பு. அதற்கென்று தேர்தல் நடத்தித் தேர்ந்தெடுத்த வாரியம் இருக்கிறது. வாரியம் நியமிக்கும் கண்காணிப்பாளர் இருக்கிறார். சொத்து வரி விதிக்கும் அதிகாரம்கூட இருக்கிறது. நாடு முழுவதும் இப்படிச் சுமார் 13,000 மாவட்டங்கள். டெக்சாஸில் மட்டும் ஆயிரத்துக்கு மேல். ஹவாயிலோ மாநிலம் முழுவதற்கும் ஒன்றே ஒன்று. மேரிலாந்து, வர்ஜீனியாவில் பொதுவாக கவுன்ட்டியே பள்ளி மாவட்டம்.

ஊரின் எல்லையும் பள்ளி மாவட்டத்தின் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. நம்மவர்கள் நிறைய வாழும் நேப்பர்வில், இல்லினாய் மாநிலத்தில், 203, 204 என்று இரண்டு மாவட்டங்களுக்கிடையே பிரிந்து கிடக்கிறது. டெக்சாஸின் ஃபிரிஸ்கோ ஊருக்குள் இருக்கும் சில வீடுகள் லூயிஸ்வில், புராஸ்பர் மாவட்டங்களுக்கு உரியவை. பக்கத்து ஊரான பிளேனோவின் முகவரி கொண்ட சில வீடுகள் ஃபிரிஸ்கோ பள்ளி மாவட்டத்தில் வரும். ‘ஃபிரிஸ்கோவில் வீடு’ என்ற விளம்பரத்தை நம்பி முன்பணம் கட்டிவிட்டுப் பிறகு விழிப்பவர்கள் உண்டு. கதவு எண்ணைச் சொல்லி மாவட்ட அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்வதுதான் உறுதி. மாவட்டம் சரியாக இருந்தாலும், அதற்குள் எந்தப் பள்ளி என்பதை வருகை எல்லை முடிவு செய்கிறது. பிள்ளைகளின் எண்ணிக்கை கூடக் குறைய, அந்த எல்லையை வாரியம் மாற்றி வரையலாம்.

பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் ஒப்பீட்டின் சிக்கல் புரியும். பொதுப் பள்ளிகளின் செலவில் மத்திய அரசின் பங்கு பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். மீதியை மாநிலமும் உள்ளூரும் ஏறத்தாழச் சரிபாதியாகச் சுமக்கின்றன. உள்ளூர்ப் பங்கில் பெரும்பகுதி சொத்து வரி. வீட்டு விலை உயர்ந்த இடத்தில் குறைந்த வரி விகிதத்திலேயே நிறையப் பணம் சேரும். மலிவான இடத்தில் கூடுதல் விகிதம் போட்டாலும் சேராது.

இது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன விவகாரம். டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் எட்ஜ்வுட் என்ற மாவட்டம். பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளியினர் வாழும் ஏழைப் பகுதி. 1967-68ஆம் ஆண்டில் அங்கே நூறு டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அந்த வட்டாரத்திலேயே அதிக விகிதம் அதுதான். அதில் ஒரு மாணவருக்குக் கிடைத்தது 26 டாலர். அதே நகரில், வசதியானவர்களின் ஆலமோ ஹைட்ஸ் மாவட்டத்தில் வரி 85 சென்ட் மட்டுமே. மாணவருக்குக் கிடைத்ததோ 333 டாலர். டிமெட்ரியோ ரொட்ரிகஸ் என்ற உலோகத் தகடு வேலைசெய்யும் தொழிலாளி, மற்ற பெற்றோருடன் சேர்ந்து வழக்குத் தொடுத்தார். 1973இல் நீதிபதிகள் ஐந்துக்கு நான்கு என்று பிரிந்து அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். நாட்டின் அரசியல் சாசனம் கல்வியை அடிப்படை உரிமையாகச் சொல்லவில்லை என்பது பெரும்பான்மையினரின் வாதம். அந்த ஒரு வாக்கு மறுபக்கம் விழுந்திருந்தால், இன்று ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் பார்த்து வீடு வாங்கும் பழக்கமே இந்த அளவுக்கு வளர்ந்திருக்காது என்பது என் எண்ணம்.

பிறகு சண்டை மாநிலங்களுக்குள் நகர்ந்தது. டெக்சாஸ் மாநிலத்தின் சொந்த உச்ச நீதிமன்றமே 1989இல் அங்கிருந்த நிதிமுறை செல்லாது என்றது. 1993இல் வந்த சட்டப்படி, சொத்து வளம் மிக்க மாவட்டங்கள் தங்கள் வரியில் ஒரு பகுதியை மாநிலத்திடம் கொடுக்க வேண்டும். ராபின் ஹூட் சட்டம் என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பிளேனோ மாவட்டம் இப்படிக் கொடுக்கும் பெரிய கைகளில் ஒன்று. அங்கே வீடு வைத்திருக்கும் நம்மவர் கட்டும் பள்ளி வரி முழுவதும் பிளேனோவிலேயே தங்குவதில்லை. கலிஃபோர்னியாவில் மாநிலம் நிர்ணயிக்கும் தொகையைவிட உள்ளூர்ச் சொத்து வரி அதிகமாக வந்தால், அந்த உபரியை மாவட்டமே வைத்துக்கொள்ளலாம். பாலோ ஆல்டோ அப்படிப்பட்ட மாவட்டம்.

ஆகவே ‘மாணவருக்கு எவ்வளவு செலவு’ என்ற எண்ணை அப்படியே ஒப்பிட முடியாது. 2022 நிதியாண்டில் நியூயார்க் மாநிலம் ஒரு மாணவருக்குச் சுமார் 30,000 டாலர் செலவிட்டது. யூட்டா, ஐடஹோ மாநிலங்கள் அதில் மூன்றில் ஒரு பங்கு. அதற்காக நியூயார்க் பிள்ளைகள் மூன்று மடங்கு படிப்பதில்லை. சம்பள நிலவரம், பேருந்து, சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாம் அந்த எண்ணுக்குள் கலந்து கிடக்கின்றன.

இனி மதிப்பெண்ணுக்கு வருவோம். 1966இல் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் சுமார் 6 லட்சம் மாணவர்களை ஆராய்ந்த அறிக்கை ஒன்று வந்தது. பள்ளிகளிடையே இருக்கும் வசதி வேறுபாட்டைவிட, வீட்டின் பொருளாதார, கல்விப் பின்னணிதான் மதிப்பெண்ணை அதிகம் விளக்குகிறது என்றது அது. அதன் முறைகளைக் குறித்து இன்றும் வாதம் நடக்கிறது. ஆனால் வீட்டுக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள அந்த நெருக்கத்தைப் பிறகு வந்த தரவுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

பிறகு பள்ளியின் பங்கை எப்படிப் பிரித்தெடுப்பது? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் குழு நாடு முழுவதுமுள்ள மாவட்டங்களின் தேர்வு மதிப்பெண்களை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தது. சராசரி மதிப்பெண் ஒரு பக்கம். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் பிள்ளைகள் எவ்வளவு முன்னேறினார்கள் என்ற வளர்ச்சி இன்னொரு பக்கம். சராசரி, குடும்ப வருமானத்தோடு ஒட்டிக்கொண்டே போனது. வளர்ச்சிக்கு அந்த ஒட்டுதல் மிகக் குறைவு. சிகாகோ நகரப் பள்ளிகள் இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம். மூன்றாம் வகுப்பில் தேசியச் சராசரிக்கு வெகுவாகக் கீழே இருந்த பிள்ளைகள், ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ ஆறு ஆண்டுக் கல்வியைப் பெற்றார்கள். நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில், செல்வம் கொழிக்கும் புறநகர்களையும் சேர்த்து, இந்த வேகம் இல்லை. எட்டாம் வகுப்பு முடிவிலும் அவர்களின் சராசரி உயரமாக இருக்காது; பட்டியலில் சிகாகோ கீழேதான் தெரியும். மருத்துவரின் கைராசியை, அவரிடம் வரும் நோயாளிகள் ஏற்கெனவே எவ்வளவு திடமாக இருந்தார்கள் என்பதை வைத்து முடிவு செய்வது போன்றது சராசரியை வைத்துப் பள்ளியை எடைபோடுவது.

கிரேட்ஸ்கூல்ஸும் இந்தக் குறையை அறிந்திருக்கிறது. நெடுங்காலம் தேர்வு மதிப்பெண்ணையே நம்பியிருந்த அமைப்பு, 2017இல் மாணவர் முன்னேற்றம், பல்வேறு பிரிவினரிடையே உள்ள இடைவெளி ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்தது. அந்தப் பகுதி மதிப்பெண்கள் பள்ளியின் பக்கத்தில் தனித்தனியாகவே இருக்கின்றன. மொத்த எண்ணைத் தாண்டிக் கீழே இறங்கிப் பார்ப்பவர்களுக்குத்தான் அவை கண்ணில் படும்.

நம்மைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மாலையில் கூமான் டியூஷன், வார இறுதியில் ரஷ்யன் மேத் வகுப்பு, கோடையில் அடுத்த வகுப்புப் பாடம் என்று நம் பிள்ளைகள் வெளியில் படிப்பதெல்லாம் அவர்களின் பள்ளிக்கணக்கில்தான் வரவு வைக்கப்படுகிறது. பத்துக்குப் பத்து வாங்கும் பள்ளியின் மதிப்பெண்ணில் பெற்றோர் கட்டிய டியூஷன் பணம் எவ்வளவு என்று எந்தத் தளமும் பிரித்துச் சொல்வதில்லை. அந்த எண்ணைப் பார்த்து வருபவர்களும் டியூஷனுக்கு அனுப்புகிறார்கள். எண் மறுபடி ஏறுகிறது.

மாநிலம் விட்டு மாநிலம் மாறுபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ‘தேர்ச்சி நிலை’ என்பதன் கோட்டை ஒவ்வொரு மாநிலமும் தனியாக வரைகிறது. 2002இல் கையெழுத்தான மத்திய அரசின் கல்விச் சட்டம், 2014க்குள் எல்லாப் பிள்ளைகளும் தேர்ச்சி பெற்றாக வேண்டும் என்றது. எட்ட முடியாத இலக்கு. சில மாநிலங்கள் கோட்டைத் தாழ்த்திவிட்டன. 2015இல் வேறு சட்டம் வந்தது, கோடுகள் மட்டும் இன்றும் வெவ்வேறு உயரத்தில்தான். நியூ ஜெர்சியின் 60 சதவீதத்தையும் டெக்சாஸின் 60 சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில் பொருளில்லை. ஒரே மாநிலத்துக்குள் ஒப்பிடுங்கள். மாநிலங்களை ஒப்பிட வேண்டுமானால் என்ஏஇபி என்ற தேசிய மாதிரித் தேர்வு இருக்கிறது.

பட்டம் பெறும் விகிதத்தை நான் அதிகம் நம்புவதில்லை. தலைநகர் வாஷிங்டனில் 2017இல் பட்டம் பெற்ற மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், வருகைக் குறைவு போன்ற விதிகளை மீறித் தேற்றப்பட்டவர்கள் என்று விசாரணை கண்டது. ஆசிரியர்-மாணவர் விகிதமும் அப்படித்தான். வகுப்பெடுக்காத சிறப்பு ஆசிரியர்களும் அதில் எண்ணப்படுவதால், வகுப்பறையில் எத்தனை பேர் என்பதை அது சொல்லாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? மாநிலக் கல்வித் துறை ஒவ்வொரு பள்ளிக்கும் வெளியிடும் ரிப்போர்ட் கார்டு நல்ல இடம்; வெளியிட வேண்டும் என்பது சட்டம். வளர்ச்சி மதிப்பெண் இருந்தால் அதை முதலில் பாருங்கள். ஒரே ஆண்டை நம்பாமல் மூன்று, நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். சிறிய மாவட்டங்களில் பத்துப் பிள்ளைகள் மாறினாலே எண் துள்ளும். உங்கள் பிள்ளை சென்னையிலிருந்து நேரே வந்து சேர்பவர் என்றால், ஆங்கிலம் கற்கும் மாணவர்களின் வரிசையைப் பாருங்கள். தேறியவர்கள் அந்தப் பிரிவிலிருந்து வெளியே போய்விடுவதால் அது எப்போதுமே தாழ்வாகத் தெரியும், ஆகவே எத்தனை பேர் ஆண்டுதோறும் வெளியேறுகிறார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளையாக இருந்தால் மொத்த மதிப்பெண் உங்களுக்கு ஏறக்குறைய எதையுமே சொல்லாது. அங்கே ஏற்கெனவே பிள்ளையைச் சேர்த்த பெற்றோரைத்தான் விசாரிக்க வேண்டும்.

எந்த எண்ணிலும் வராத ஒன்றும் இருக்கிறது. நியூ ஜெர்சியின் வெஸ்ட் வின்ட்சர்-பிளெயின்ஸ்பரோ மாவட்டம், ஆசியக் குடும்பங்கள் பெருமளவில் வந்து சேர்ந்த, மதிப்பெண்ணில் மேலே நிற்கும் மாவட்டம். 2015இல் அதன் கண்காணிப்பாளர், பிள்ளைகளின் மன அழுத்தம் எல்லை மீறுகிறது என்று பெற்றோருக்கு நீண்ட கடிதம் எழுதினார். உயர்நிலைப் பள்ளியில் இடைத்தேர்வும் இறுதித் தேர்வும் நிறுத்தப்பட்டன. வீட்டுப்பாடமே இல்லாத இரவுகள் வந்தன. பெற்றோர் இரண்டாகப் பிரிந்தார்கள். பாடத்தை நீர்த்துப்போகச் செய்கிறார்கள் என்று கோபப்பட்டவர்களில் நம்மவர்களும் இருந்திருப்பார்கள். அந்த ஆண்டும் அந்தப் பள்ளிகளின் எண் உயரத்தில்தான் இருந்தது.

கடைசியாக, யாரும் கவனிக்காத ஒரு தகவல்: கடந்த ஐந்தாண்டுகளில் மாணவர் எண்ணிக்கை ஏறுகிறதா, இறங்குகிறதா? நல்ல மாவட்டம் என்ற பெயர் வீட்டு விலையை ஏற்றுகிறது. விலை ஏறினால் சின்னக் குழந்தைகள் உள்ள இளம் குடும்பங்கள் உள்ளே வர முடிவதில்லை. பிள்ளைகள் வளர்ந்து போய்விட்ட பெற்றோர் பெரிய வீட்டில் தங்கிவிடுகிறார்கள். பெரும்பாலான மாநிலங்களில் நிதி தலைக்கணக்கில் வருவதால் வகுப்பறை காலியாகக் காலியாகப் பணமும் குறைகிறது. சிலிக்கான் பள்ளத்தாக்கில் எல்லோரும் ஆசைப்படும் கூபர்டினோ யூனியன் மாவட்டம் 2022இல் தொடக்கப் பள்ளிகளை மூடியது. பிளேனோ வாரியம் 2024இல் நான்கு பள்ளிகளை மூட வாக்களித்தது. வீட்டு விளம்பரத்தில் அந்தப் பள்ளிகளுக்கு எத்தனை போட்டிருந்தாலும், பிள்ளை போக வேண்டிய பேருந்து இப்போது வேறு பள்ளிக்குத்தான் செல்கிறது.