சத்தத்துக்கு வயது காரணம் அல்ல

"அண்ணே, வண்டிக்கு வயசாயிருச்சு. சத்தம் வரத்தான் செய்யும்." ராமேசுவரம் தீவில் மீன் ஏற்றும் பழைய பிக்கப் வண்டிகளைப் பற்றி இதைச் சொல்லாதவர்கள் குறைவு. பட்டறையிலும் சொல்கிறார்கள், வண்டியை விலை பேசும்போதும் சொல்கிறார்கள். அனுபவசாலிகளின் வாயிலிருந்து வருவதால் அறிவுரை என்று நம்பிவிடுகிறோம். இது வெறும் மூடநம்பிக்கை. உழைத்துச் சம்பாதித்த பணத்தைத் தின்கிறது. சில நேரம் உயிரையும் கேட்கிறது.

வயது எந்த இரும்பையும் அலறவைப்பதில்லை. தேய்ந்த பேரிங் அலறும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் முனை இணைப்பான கிராஸ், கிரீஸ் வறண்டால் முனகும். தண்ணீர் கலந்த கியர் ஆயில் பற்களைத் தின்னும். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு பாகமும், அதற்கொரு விலையும், மாற்றும் வழியும் உண்டு.

தனுஷ்கோடிப் பக்கம் அந்தப் பாகங்கள் சீக்கிரம் கெடுவது உண்மைதான். 1964 டிசம்பர் புயல் ஊரையும் ரயில் பாதையையும் வாரிக்கொண்டு போனபின், 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்படும்வரை, அரை நூற்றாண்டுக்கு மேல் மணலும் கடல்நீர் தேங்கிய தடமும்தான் வழி. சாலை வந்தபிறகும் கரைவலை மீனை ஏற்ற வண்டி மணலில் இறங்கத்தான் வேண்டியிருக்கிறது. மீன் பெட்டியின் உப்பும் ஐஸ் தண்ணீரும் பாடி இடுக்கு வழியாக அடிப்பாகத்தில் வடிகின்றன.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. ஓடிச் சூடான பின் ஆக்சில் தண்ணீரில் இறங்கினால், ஹவுசிங்குக்குள் இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, பிரீதர் என்னும் காற்றுத் துளை வழியாகவும் தேய்ந்த சீல் வழியாகவும் தண்ணீரை உள்ளே இழுக்கும். கியர் ஆயில் மோர் நிறமாகும். ஆக்சிலைச் சுழற்றும் கிரவுன் பினியன் பற்களுக்கிடையே ஆயில் படலம் நிற்காது, ஊளை தொடங்கும். கிராஸின் கப்புகளுக்குள் இருக்கும் ஊசி பேரிங்குகளில் துரு ஏறி, அவை உருளும் இடத்தில் வரி விழும். இரண்டு வருட வண்டியிலும் இது நடக்கும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட இருபது வருட வண்டியில் நடக்காமலும் இருக்கும்.

காது கொடுத்தால் சத்தமே இடத்தைச் சொல்லும். நின்ற இடத்தில் ரேஸ் கொடுக்கும்போதே அதிர்ந்தால் எஞ்சின், மவுண்டிங் பக்கம் பார்க்க வேண்டும். கிளட்சை மிதித்ததும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங்; மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸின் முன் பேரிங். வண்டி நகரும்போதும் ரிவர்ஸ் போடும்போதும் 'டக்' என்றால் கிராஸ் அல்லது ஷாஃப்டின் பல் இணைப்பான ஸ்பிளைன். ஆக்சிலேட்டரை விட்டதும் ஊளையின் தொனி மாறினால் கிரவுன் பினியன். வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது கூடினால் வீல் பேரிங். இத்தனையும் ஓர் ஓட்டத்தில் தெரிந்துவிடும். 'வயசு' என்று சொல்கிறவர் இந்த ஓட்டத்தைத் தவிர்க்கிறார்.

தவிர்ப்பதோடு நிற்பதில்லை, மூடியும் வைக்கிறார்கள். தடித்த ஆயிலை ஊற்றுவது, விற்கும் நேரத்தில் ஹவுசிங்குக்குள் மரத்தூள் போடுவது ஆகியவை சத்தத்தைக் கொஞ்ச நாள் அமுக்கும். தேய்மானம் உள்ளே தொடரும். இவை பழுதுபார்ப்பு அல்ல, அடுத்தவன் தலையில் கட்டும் மோசடி.

கிராஸ் மாற்றியும் அதிர்வு போகவில்லையே என்று சிலர் கேட்பார்கள். வயதின் மேல் பழி விழுவது பெரும்பாலும் இங்கேதான். சாய்வாகச் சுற்றும் கிராஸ், ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை ஷாஃப்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். மறுமுனைக் கிராஸ் அதைச் சமன்செய்ய வேண்டுமானால் ஷாஃப்டின் இரு முனைகளிலும் கிராஸைப் பிடிக்கும் யோக்குகள் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். கழற்றுமுன் குறி போடாமல் ஸ்பிளைனை ஒரு பல் தள்ளி மாட்டினால், புதுக் கிராஸ் போட்ட வண்டியும் அதிரத்தான் செய்யும். குற்றம் மாட்டிய கையில் இருக்கிறது.

"இந்தப் பழசுக்கு இவ்வளவு செலவு கட்டுப்படியாகுமா?" என்பது நியாயமான கேள்வி. ஒரு கிராஸின் செலவு சிறியது. அதை விட்டுவைத்தால் யோக் போகும், கியர்பாக்ஸின் பின் பேரிங்கும் சீலும் போகும். முன்பக்க ஜாயிண்ட் ஓட்டத்தில் அறுந்தால், ஷாஃப்ட் தரையில் குத்தி வண்டியையே தூக்கிப்போடலாம். லோடோடு பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் அது நடந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு முதலாளியும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உப்புக் காற்றில் இரும்பு நிலைக்காது என்று வாதிடுகிறவர்கள் பக்கத்திலேயே பார்க்கலாம். 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலம் நூறு ஆண்டுகளுக்கு மேல் ரயிலைச் சுமந்தது. ஓயாமல் வர்ணம் பூசினார்கள், அரித்த பாகத்தை மாற்றினார்கள், கருவி பொருத்தி அதிர்வைக் கண்காணித்தார்கள். 2022 டிசம்பரில் அதன் தூக்குப் பகுதியில் கோளாறு தெரிந்ததும் ரயிலை நிறுத்தினார்கள். கிழட்டுப் பாலம் அப்படித்தான் ஆடும் என்று சொல்லி யாரும் பயணிகளை ஏற்றிவிடவில்லை.

வண்டி வைத்திருப்பவர்களே, மணலில் இறங்கி வந்த அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். தீவில் நல்ல தண்ணீர் அருமை என்பது தெரிந்ததே. இருந்தாலும் கிரவுனைவிட அது மலிவு. நிப்பிள் உள்ள கிராஸில், பழைய கிரீஸ் நான்கு கப்பிலிருந்தும் வெளியேறும்வரை அடியுங்கள். தண்ணீரில் இறங்கினால் கியர் ஆயிலின் நிறத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால் உடனே மாற்றுங்கள். வயதைக் காரணம் சொல்லும் மெக்கானிக்கிடம் எந்தப் பாகம் என்று கேளுங்கள். பெயர் சொல்ல முடியாதவரிடம் வண்டியை விடாதீர்கள்.