கரண்ட் பில்லில் உங்க பேர் இருக்கா?

பிள்ளைப்பாக்கம், வல்லம், ஒரகடம் சிப்காட் பக்கம் லைன் வீட்டில் குடியிருக்கும் சொந்தங்களே, ஒரே ஒரு கேள்வி. 2016 மே மாதத்தில் இருந்து தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் 2 மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். உங்களுக்கு அது கிடைக்குதா?

கிடைக்காது. ஏன்னா மின்வாரியத்தின் கணக்கில் நீங்க இல்லவே இல்லை. இருப்பது ஓனர் பேரில் ஒரே மீட்டர். உங்க கதவுக்கு மேல ஓடுறது சப் மீட்டர். யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய்னு கொடுத்துட்டுப் போறீங்க.

உடனே ஓனர் மேல பாயாதீங்க. கணக்கைப் பாருங்க. இதுக்கு இன்ஜினியரிங் வேண்டாம், கூட்டல் தெரிஞ்சா போதும்.

🔴 6 குடும்பம், ஒரே மீட்டர். ஆளுக்கு 200 யூனிட், மொத்தம் 1,200. 500 யூனிட்டைத் தாண்டினதும் குறைந்த கட்டணச் சலுகை போச்சு. 1,000 தாண்டினால் யூனிட் 11 ரூபாய்க்கு மேல். 2024 ஜூலை கட்டணப்படி பில் 9,000 ரூபாயைத் தாண்டும். குடும்பத்துக்கு 1,500 ரூபாய்க்கு மேல்.

🟢 அதே 6 குடும்பம், தனித்தனி மீட்டர். முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100க்கு யூனிட் 2.35 ரூபாய். குடும்பத்துக்கு 235 ரூபாய். 6 வீட்டுக்கும் சேர்த்து 1,410.

அதே ஃபேன், அதே லைட், அதே கரண்ட். ஒன்றரை ஏசி ரூமோட சொந்த பங்களாவில் இருக்கிறவருக்கு 100 யூனிட் இலவசம் உண்டு. தகரக் கூரைக்குக் கீழே நைட் ஷிஃப்ட் முடிச்சுப் பகலில் தூங்க முயற்சிக்கிற தொழிலாளிக்குக் கிடையாது. இதுக்குப் பேர் ஏழைக்கான மானியமா?

இன்னொன்னு. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56 சொல்லுது: பாக்கி இருந்தாலும் 15 நாள் நோட்டீஸ் கொடுக்காமல் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. அந்தப் பாதுகாப்பு மின்வாரிய நுகர்வோருக்கு. கான்ட்ராக்ட் முடிஞ்சதுன்னு கேட்டில் நிறுத்தப்பட்ட தொழிலாளி வீட்டில் ஃபியூஸைப் பிடுங்க நோட்டீஸ் எல்லாம் தேவைப்படாது.

"முடியாதுங்க, சிக்கல்"னு அதிகாரிகள் சொல்வாங்க. டெல்லியில் 2019லேயே வாடகைதாரர் தன் பேரில் ப்ரீபெய்டு மீட்டர் வாங்கி மானியம் பெற வழி செஞ்சாங்க. கர்நாடகாவில் 2023ல் வந்த கிருஹ ஜோதி திட்டத்தில் வாடகை வீட்டுக்காரங்களும் உண்டு. இங்கிலாந்தில் 2021 அக்டோபரில் இருந்து கரண்ட், கேஸ் பில் கட்ட முடியாத குடும்பங்களுக்கு உள்ளாட்சிகள் வழியாகவே அவசர நிதி கொடுத்தாங்க. அங்கெல்லாம் முடிஞ்சது இங்கே மட்டும் ஏன் முடியாது?

காசு எங்கேன்னு கேட்பாங்க. உங்க சம்பள ரசீதை எடுத்துப் பாருங்க. 6 மாதத்துக்கு ஒருமுறை தொழில் வரின்னு பிடிக்கிறாங்களே, அது உள்ளாட்சிக்குப் போற பணம். வரி வாங்கும்போது நீங்க இந்த ஊர்க்காரர். உதவின்னு வந்தா மட்டும் வெளியூர்க்காரரா?

நம் கோரிக்கை மூன்றுதான்:

✊ ஊராட்சி வாரியாக லைன் வீடுகளைக் கணக்கெடு. சப் மீட்டரில் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்தையும் பட்டியலில் சேர்.

✊ மின்வாரியமே சிப்காட் கிராமங்களுக்கு வந்து முகாம் போட்டுத் தனி இணைப்பு கொடு. வைப்புத்தொகையைத் தவணையில் வாங்கு.

✊ வேலை இழந்த, நோயில் விழுந்த குடும்பத்துக்கு ஒரு பில் காலத்துக்காவது தொழில் வரியில் இருந்து அவசர மின்கட்டண உதவி கொடு.

சொந்தங்களே, அடுத்த கிராம சபைக்கு உங்க சப் மீட்டர் ரீடிங்கையும், ஓனருக்குக் கொடுத்த காசையும் ஒரு தாளில் எழுதி எடுத்துட்டு வாங்க. ஓனர்களும் வாங்க, இது உங்களுக்கும் சேர்த்துத்தான். தீர்மானத்தில் ஏறாமல் எழுந்திருக்க மாட்டோம்.

உங்க லைன் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் பகிருங்கள்.

#எங்க100யூனிட்எங்கே
#லைன்வீட்டுக்கும்தனிமீட்டர்