வென்டிலேட்டர் மட்டும் போதுமா?

வைரஸ் நிமோனியா முற்றி தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தவர் இறந்தால், பழியை வைரஸின் தலையில் போட்டுவிடுகிறோம். பல நேரங்களில் உயிரைப் பறிப்பது பின்னால் வந்த கிருமி. 1918 இன்ஃப்ளூயன்சா மரணங்களில் பெரும்பாலானவை பாக்டீரியா நிமோனியாவால் நேர்ந்தவை என்பது பிற்கால ஆய்வுகளின் முடிவு.

கொரோனா முதல் அலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 10 மருத்துவமனைகளின் தரவுகளை ஆராய்ந்தது. இப்படிப் பின்னால் வரும் இரண்டாம் தொற்று கண்டவர்கள் 3.6 சதவீதம்தான், ஆனால் அவர்களில் 56.7 சதவீதம் பேர் இறந்தார்கள். ஒட்டுமொத்த இறப்பு விகிதமோ 10.6 சதவீதம். கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் ஆகிய மருத்துவமனைக் கிருமிகளே அதிகம் தென்பட்டன.

காரணம் எளிது. வைரஸ் மூச்சுப்பாதையின் உட்சுவரைச் சிதைக்கிறது. தொண்டைக்குள் வென்டிலேட்டர் குழாய் இறங்கியதும் இருமல் என்ற காவலும் போய்விடுகிறது. வாயில் ஊறும் கிருமிகள் குழாயை ஒட்டிக் கசிந்து நுரையீரலுக்குள் இறங்குகின்றன. சிகிச்சையில் தரப்படும் ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன் உயிர் காக்கும் மருந்துதான். ஆனால் அளவும் நாளும் மீறினால் சர்க்கரை ஏறி, எதிர்ப்பாற்றல் சரியும். 2021இல் கருப்புப் பூஞ்சை கற்றுத்தந்த பாடம் இது.

இதைக் கள்ளக்குறிச்சியில் வைத்துப் பார்க்க வேண்டும். 2019இல் தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆனாலும், 2024 ஜூனில் விஷச் சாராயம் குடித்தவர்களை சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என வெளியூர் மருத்துவமனைகளுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. கல்வராயன் மலைக் கிராமத்தில் மூச்சுத்திணறும் ஒருவர், வெள்ளிமலை வந்து, பிறகு சமவெளிக்கு இறங்கி வர வேண்டும். தாமதமாக வருபவருக்கு வென்டிலேட்டர் தேவைப்படும் வாய்ப்பும், அதில் கிடக்கும் நாட்களும் கூடுகின்றன. நாள் கூடக்கூட இரண்டாம் தொற்றின் வாய்ப்பும் கூடுகிறது. வழியில் யார் என்ன ஆன்டிபயாட்டிக் போட்டார்கள் என்ற குறிப்பு கூடவே வராவிட்டால், அடுத்த மருத்துவர் இருட்டில்தான் மருந்து தேட வேண்டும்.

ஆகவே, வென்டிலேட்டர்களின் எண்ணிக்கையை மட்டும் சாதனையாகச் சொல்வது அரைக்கணக்கு. சளியிலும் ரத்தத்திலும் கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் வசதி இரவும் பகலும் வேண்டும். தலைமாட்டை உயர்த்துவது, வாய் சுத்தம், கை கழுவுதல், குழாயை எடுக்கலாமா என்று தினமும் பார்ப்பது எல்லாம் செலவு குறைந்த வேலைகள்; ஆனால் செய்ய ஆள் வேண்டும். செவிலியர் பற்றாக்குறையை வைத்துக்கொண்டு தொற்றைத் தடுக்க முடியாது. மலையிலேயே பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் ஆக்சிஜனும் இருந்தால், பலர் குழாயில்லாமலே தேறுவார்கள்.

ஒவ்வொரு அரசு மருத்துவமனையும், ஆயிரம் வென்டிலேட்டர் நாட்களுக்கு எத்தனை தொற்று என்ற கணக்கை மாதந்தோறும் வெளியிடட்டும். தீவிர சிகிச்சைப் பிரிவின் தரத்தைச் சொல்வது அந்த எண்தான்.