ஆசிரியர் அறையின் கடைசி மேசை

அண்மையில் ஓர் இலக்கியக் கூட்டத்திற்குச் சென்றிருந்தோம். பேச வந்த சிற்றிதழ் எழுத்தாளர் ஒருவர், எடுத்துக்கொண்ட பொருளைச் சற்றே ஓரங்கட்டிவிட்டு, கல்லூரி ஆசிரியர்களை, குறிப்பாகத் தமிழாசிரியர்களை, ஒரு பிடி பிடித்தார். அகவிலைப்படி, வீட்டுமனை, கிரிக்கெட் ஆகிய மூன்றையும் விட்டால் இவர்களுக்கு நான்காவதாகப் பேச ஏதேனும் உண்டா என்று கேட்டார். அவை சிரித்தது. இரண்டாம் வரிசையில் இருந்த நாமும் சிரித்தோம். சிரிக்காவிட்டால், குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று பக்கத்து இருக்கைக்காரர் எண்ணிவிடுவாரே!

பேருந்தில் ஊர் திரும்பும்போதுதான் சினம் வந்தது. தமிழ்ப் பேராசிரியரை எள்ளி நகையாடுவது சிற்றிதழ் உலகில் நெடுநாளாக நிலவிவரும் ஒரு சடங்கு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த எழுத்தாளர் குற்றத்தைத் தவறான இடத்தில் சுமத்தினார் என்பதே நம் வழக்கு. நாம் அகவிலைப்படியைப் பற்றிப் பேசுவது குற்றமன்று. அதை யார் காதுபட, யாரை மறந்து பேசுகிறோம் என்பதில்தான் குற்றம் இருக்கிறது.

முதலில் பேச்சுக்காகவே வாதாட வேண்டியுள்ளது. ஏனெனில் எழுத்தாளரைவிட நிருவாகத்தினர் அதன்மீது கடுஞ்சினம் கொண்டிருக்கின்றனர். ஆசிரியர் அறையில் பேசுவது வீண்பொழுது என்பது அவர்கள் கொள்கை. விரல்ரேகை வருகைப்பதிவுக் கருவி வந்தது. பின்னர் கண்காணிப்புக் கேமரா வந்தது. நீண்ட பொது மேசைகள் போய், ஆளுக்கொரு தடுப்பு என்று ஆயிற்று. நமக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் ஆசிரியர் அறைச் சுவரில் 'பயனில சொல்லாமை' அதிகாரத்திலிருந்து ஒரு குறளை வண்ணத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். 20ஆம் அதிகாரத்தைக் கண்டவர்கள் 72ஐயும் 73ஐயும் புரட்டிப் பார்க்கவில்லை போலும். அவையறிதல், அவையஞ்சாமை என்று பேசவேண்டியவர்க்காகவும் இரண்டு அதிகாரங்களை வள்ளுவர் எழுதித்தான் வைத்திருக்கிறார்.

வள்ளுவரை விடுங்கள்; இத்தொழிலுக்கே இலக்கணம் சொன்ன நன்னூலைப் பாருங்கள். ஆசிரியர் சொல்வதை எத்துணை ஊன்றிக் கேட்டாலும் புலமையில் கால்கூறுதான் கைவரும், உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு கால்கூறு, எஞ்சிய அரைக்கூறு தான் பிறர்க்கு உரைக்கும்போதுதான் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார் பவணந்தி முனிவர். இத்தொழிலுக்கு வந்தபின் நமக்கு ஆசிரியர் இல்லை. உரைப்பதற்கு வகுப்பு இருக்கிறது. அந்த நடுக் கால்கூறு நமக்கு எங்கே கிடைக்கும்? ஆசிரியர் அறையில்தான். தடுப்புப் பலகை வைத்து அடைக்கப்படுவது அந்தக் கால்கூறுதான்.

அகவிலைப்படிப் பேச்சுக்கும் ஒரு வரலாறு உண்டு. தனியார் கல்லூரி ஆசிரியர்க்குப் பணிப் பாதுகாப்பு என்பது வானத்திலிருந்து விழவில்லை. தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்ததே 1976இல்தான். மூட்டா, ஏயுடி போன்ற சங்கங்களின் போராட்டங்களை நம் ஆசிரியர்களின் வாய்வழியே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நிருவாகத்தின் காதில் விழாதபடி ஆசிரியர் அறையில் முணுமுணுப்பாகத் தொடங்கிய ஊதியப் பேச்சுதான் பின்னர் சங்கமாகவும் ஊர்வலமாகவும் சிறை நிரப்புதலாகவும் ஆனது. அப்பேச்சில் 'நாம்' இருந்தது. வேலை இழந்தவரின் குடும்பத்திற்குத் தங்கள் ஊதியத்திலிருந்து பங்கு பிரித்துக் கொடுத்தவர்களின் பேச்சு அது. இன்றும் பேசுகிறோம், அதே ஊதியத்தைத்தான். எழுவாய் மட்டும் மாறிவிட்டது. 'என் நிலுவை', 'என் பதவி உயர்வு', 'என் புள்ளி' என்று எல்லாமே ஒருமை ஆகிவிட்டன.

இந்தப் புள்ளிக் கணக்கைச் சொல்லாமல் விட மனமில்லை. 2010ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகள், ஆசிரியரின் அறிவை மதிப்பெண்ணாக்கும் ஒரு முறையைக் கொண்டுவந்தன. அன்று தொட்டு நம் பேச்சின் இலக்கணமே வேறாயிற்று. கட்டுரை எதைப் பற்றியது என்று எவரும் கேட்பதில்லை. எத்தனை புள்ளி, ஐஎஸ்பிஎன் எண் உண்டா, கட்டணம் எவ்வளவு என்பனவே கேள்விகள். பிறகு யுஜிசி-கேர் பட்டியலில் உள்ள இதழா என்றொரு கேள்வி சேர்ந்தது. அப்பட்டியலையே 2025இல் கைவிட்டுவிட்டார்கள். பட்டியல் போனது, பழக்கம் போகவில்லை.

நன்னூலார் ஆசிரியர் ஆகாதார்க்கு நான்கு உவமைகள் சொல்லியிருக்கிறார். நம் அறையில் நான்கையும் நாள்தோறும் காணலாம். காலையில் கைப்பேசியில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்ததையெல்லாம் முதல் பாடவேளை இடைவெளியில் முறையின்றி ஒரேயடியாகக் கொட்டிவிடுபவர் கழற்குடம். நாம் கேட்டால் வாய் திறவாமல், தமக்குத் தோன்றும்போது மட்டும் இரண்டு சொல் உதிர்ப்பவர் மடற்பனை. பருத்திக் குண்டிகைக்கு விளக்கம் வேண்டாம்; தேர்வுத்தாள் திருத்தும் பணிக்குச் சென்றவர் எவரும் கண்டிருப்பர். நான்காவது முடத்தெங்கு. வளர்வது ஒருவர் தோட்டம், காய் விழுவது அடுத்தவர் தோட்டம். நம்முள் மனை வணிகமும் ஏலச்சீட்டும் பங்குச்சந்தையுமாக இருப்போரைப் பார்க்கும்போது அந்தத் தென்னை நினைவுக்கு வரும். (இதை எழுதும் நமக்கும் ஒரு சீட்டு நிலுவையில் உள்ளது. அதையும் சொல்லிவிடுவதே முறை.)

உலகச் செய்திகளுக்கு வருவோம். நம் அறையில் உலகம் நன்றாகவே அலசப்படுகிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைன்மீது படை பாய்ந்தபோது புதினின் உள்ளத்தை அறிந்தவர்களாகவே பேசினோம். 2023 அக்டோபருக்குப் பின் காசாவைப் பற்றியும் அப்படியே. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீது 50 விழுக்காடு சுங்கவரி விதித்தபோது ஒரு வார காலம் பட்டிமன்றம் நடந்தது. டிரம்ப் பைத்தியக்காரர் என்று ஓரணி, இல்லை, தேர்ந்த வணிகர் என்று மற்றோரணி. அவ்வாரத்தில் இளங்கலை இரண்டாமாண்டில் ஒரு மாணவி தொடர்ந்து வரவில்லை. வந்ததும் காரணம் கேட்டோம். அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அதுவரை ஒன்றரை ஷிப்டு இருந்தது. அமெரிக்க ஆர்டர் நின்றதால் அது ஒரு ஷிப்டாகி, பிறகு வாரத்தில் மூன்று நாளாகிவிட்டது. கல்லூரிப் பேருந்துக் கட்டணம் கட்ட வழியில்லை. "டவுன் பஸ்ஸுல வந்துக்கறேங்க ஐயா, ஆனா முதல் பீரியடு வர முடியாதுங்க" என்றாள்.

அறையில் நாம் அலசிக்கொண்டிருந்த உலகச் செய்தி, எதிரிலிருந்த வகுப்பறையில் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. நமக்குத் தெரியவில்லை. வருகைப்பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே சுழியம் போட்ட கையால்தான் தேநீர்க் குவளையை ஏந்தி வரிவிதிப்பை விவாதித்தோம். உலகைப் பேசுவது பிழையன்று; தொலைவில் இருப்பதாகவே வைத்துப் பேசுவது பிழை.

பொழுதுபோக்குகளைக் குறித்து மிகுதியாகச் சொல்வதற்கில்லை. ஐபிஎல் பருவம், நடைப்பயிற்சியில் எத்தனை ஆயிரம் அடி என்ற கணக்கு, இரவு விழித்துப் பார்த்த தொடர். 2022இல் பொன்னியின் செல்வன் படம் வந்தபோது மட்டும் தமிழ்த்துறைக்குத் திடீர் மவுசு. 1950இல் தொடங்கி 'கல்கி' இதழில் வந்த கதையை அதுவரை திறந்தே பாராத வணிகவியலாரும் இயற்பியலாரும் நம் மேசையைச் சூழ்ந்துகொண்டனர். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார், உடையார்குடிக் கல்வெட்டு என்ன சொல்கிறது என்று கேட்டனர். நன்றாகத்தான் இருந்தது. ஓர் அறை முழுதும் ஒரு நூலைப் பற்றிப் பேசிய நாள்கள் அவை. ஒரு மாதத்தில் அடங்கிற்று.

இனி, சொல்ல வந்த இடம். நம் அறையில் சன்னலை ஒட்டிக் கடைசியில் ஒரு மேசை உண்டு. அரசு உதவிபெறும் கல்லூரிகளில் சுயநிதிப் பிரிவு என்றொரு இரண்டாம் குடிமை இருப்பது வாசகர் அறிந்ததே. அம்மேசை அப்பிரிவினர்க்கு உரியது. அதில் எட்டாண்டுகள் ஒருவர் இருந்தார். நெட் தேர்ச்சி, முனைவர் பட்டம். நமக்குள்ள தகுதி அனைத்தும் அவர்க்கும் உண்டு. 2019இல் ஏழாவது ஊதியக் குழுவின்படியான ஊதியம் இங்கு நடைமுறைக்கு வந்தபோது, உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய் என்று நாம் கரும்பலகையிலேயே கணக்குப் போட்டோம். அவர் பெற்றது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மே மாதத்தில் அதுவும் இல்லை. கௌரவ விரிவுரையாளர்க்கு ஒரு பாடவேளைக்கு 1,500, மாதத்திற்கு 50,000 வரை தரலாம் என்று மானியக் குழு வழிகாட்டியதும் அதே 2019இல்தான். அதை எவரும் கரும்பலகையில் எழுதவில்லை. நாம் கணக்குப் போடத் தொடங்கினால் அவர் தண்ணீர்ப் புட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போவார். அவர்க்கு அடிக்கடி தாகம் எடுக்கும் என்றே நெடுநாள் எண்ணியிருந்தோம்!

2003 ஏப்ரல் 1க்குப் பின் பணியில் சேர்ந்தவர்கள் நாம். மூத்தோர் பழைய ஓய்வூதியம் பற்றிப் பேசும்போது நமக்கு உள்ளே ஒன்று சுருங்கும். அந்தச் சுருக்கம் தெரிந்தும் அவருடைய சுருக்கம் தெரியாமற்போனதற்கு என்ன சமாதானம் சொல்வது? ஒரு சூன் மாதம் அம்மேசையில் வேறொருவர் இருந்தார். முன்னவர் எங்கே என்று இரண்டு நாள் கழித்துத்தான் ஒருவர் கேட்டார். பிரிவு விழா இல்லை; நிரந்தரப் பணியாளர்க்கு மட்டுமே அது.

அவ்வாண்டு முதுகலை வகுப்பில் குறிஞ்சிப்பாட்டு நடத்தினோம். கபிலர் அடுக்கிய தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்களையும் மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு நிமிர்ந்தபோது ஒரு மாணவன் எழுந்தான். இவற்றில் ஆவிரையையும் தும்பையையும் இன்னும் சிலவற்றையும் தாங்கள் பார்த்திருப்பதாகச் சொன்னான். எங்கே என்றோம். கடைசி மேசை ஐயா இரண்டு ஞாயிற்றுக்கிழமை தங்களைச் சென்னிமலை அடிவாரத்திற்கு அழைத்துச் சென்று செடி செடியாகக் காட்டினாராம். அவருடைய முனைவர் பட்ட ஆய்வே சங்க இலக்கியத் தாவரங்களைப் பற்றியதுதானாம். பதினைந்தடி தொலைவில் எட்டாண்டுகள் இருந்தவர்! நாம் இருபதாண்டுகளாக அப்பாடலை நடத்துகிறோம். ஆவிரை நம் கல்லூரி மதிலோரமே பூத்துக் கிடப்பதை ஒருநாளும் மாணவர்க்குக் காட்டியதில்லை. பவணந்தியார் சொன்ன கால்கூறு, தண்ணீர்ப் புட்டியோடு நாள்தோறும் வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

எனவே, எழுத்தாளர் நண்பரே, நாங்கள் நான்காவதாக ஒன்றைப் பேசுவதில்லை என்பதன்று எங்கள் குற்றம். நிருவாகத்தார் தடுப்புப் பலகை வைப்பதற்கு முன்பே எங்களுக்குள் நாங்கள் ஒன்றை வைத்துக்கொண்டோம். சங்கம் கண்ட பரம்பரை அதைச் செய்தது என்பதுதான் வெட்கம்.

சென்ற வாரம் புதியவரிடம் வலியச் சென்று பேச்சுக் கொடுத்தோம். பணியில் சேர்ந்து ஓராண்டு ஆகிவிட்டது. அதுவரை 'வணக்கம்' மட்டுமே. அவருடைய ஆய்வுத் தலைப்பு என்ன என்று கேட்டோம். அவர் எழுந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எதற்குங்க ஐயா? நாக் படிவத்தில் ஏதும் நிரப்ப வேண்டுமா?" என்று கேட்டார்.