அன்னையின் உழைப்புக்கு மதிப்பு இல்லையா?

சாலை விபத்து நேர்ந்துவிட்டால், "எல்லாம் விதி" என்று கண்ணீர் வடிப்பதோடு நம் குடும்பங்கள் பல நின்றுவிடுகின்றன. வேறு சில, வண்டிக்காரர் நீட்டும் சில ஆயிரம் ரூபாயைப் பெற்றுக்கொண்டு சமாதானமாகிவிடுகின்றன. இழப்பீடு என்பது பிச்சையன்று; சட்டம் வழங்கும் உரிமை. இதனை மாணவியராகிய நாம் அறிய வேண்டாமா?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, காயமுற்றவரோ இறந்தவரின் வாரிசுகளோ தாம் வாழும் பகுதியிலுள்ள விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கு ஆறு மாத வரம்பு குறித்திருப்பதால் காலந்தாழ்த்தலாகாது. ஓட்டுநரின் தவற்றை மெய்ப்பிக்க இயலாவிட்டாலும், இறப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் கோர வழியுண்டு. இடித்துவிட்டு ஓடிய வண்டி அகப்படாவிட்டால், இறப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50 ஆயிரமும் தனி நிதியிலிருந்து கிடைக்கும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று கலங்கவும் தேவையில்லை. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும், வருமானம் எதுவாயினும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச உதவி அளிக்கிறது.

ஆயினும் நம் நெஞ்சை உறுத்தும் வினா ஒன்றுண்டு. இறந்தவர் இல்லத்தரசி எனில் இழப்பை எவ்வாறு அளப்பது? கணவர் ஈட்டும் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கே மனைவிக்கு எனக் கணக்கிட ஒரு காலத்தில் சட்டத்தின் அட்டவணையே வழிகாட்டியது. விடியுமுன் எழுந்து, சமைத்து, துவைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, முதியோரைப் பேணும் அன்னைக்கு ஞாயிறு விடுமுறையும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. அவ்வுழைப்பு கணவரின் சம்பளத்தைப் பொறுத்தா கூடும், குறையும்?

உச்சநீதிமன்றம் 2001இல், தீ விபத்து வழக்கொன்றில், இல்லத்தரசியரின் பணியை மாதம் 3,000 ரூபாய் என மதிப்பிட்டது. 2010இல் அந்த மூன்றில் ஒரு பங்குக் கணக்கைக் குறை கூறியது. 2021இல், டெல்லியில் கணவனும் மனைவியும் மாண்ட சாலை விபத்து வழக்கில், மனைவிக்கும் வருமானம் கணித்து, எதிர்கால உயர்வையும் சேர்த்தளித்தது. இதனை நாம் மனமார வரவேற்கிறோம். அன்னையின் அன்புக்கு விலையில்லை. அதனால் அவர் உழைப்புக்கும் விலையில்லை என்று கைவிரிப்பது நீதியாகாது.

நல்ல சமாரியர் காயத்தைக் கட்டியதோடு நின்றாரா? சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, மேலும் செலவானால் தாமே தருவதாகவும் வாக்களித்தார் அன்றோ! துயருற்ற அண்டை வீட்டாருக்கு நாம் ஆறுதல் சொல்வதோடு, தீர்ப்பாயத்துக்கு வழியும் காட்டுவோம். இரக்கத்தோடு நீதியும் சேரும்போதே அன்பு முழுமை பெறும்.