பேச்சுக்கு என்ன விலை?

கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வருகிற பெண் 'மனசு சரியில்லை' என்று சொல்வதில்லை. தலைவலி, உடம்பெல்லாம் அசதி, தூக்கம் பிடிக்கவில்லை என்கிறார். டாக்டர் வைட்டமின் மாத்திரை எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறார். அடுத்த மாதமும் அதே பெண், அதே தலைவலி. நாடு முழுக்க நடப்பது இதுதான். கோவாவில் சிலர் இதை மாற்றிப் பார்த்தார்கள்.

1996இல் அங்கே தொடங்கப்பட்டது சங்கத் என்ற தன்னார்வ அமைப்பு. மனநல மருத்துவர் விக்ரம் படேல் அதன் நிறுவனர்களில் ஒருவர். மருத்துவமும் உளவியலும் படித்திராத உள்ளூர்ப் பட்டதாரிப் பெண்களுக்கு இந்த அமைப்பு இரண்டு மாதம் பயிற்சி தந்து, ஆலோசகர்களாக உட்கார வைத்தது. 12 அரசு நிலையங்களும் 12 தனியார் டாக்டர்களும் சோதனைக்கு எடுத்துக்கொள்ளப்பட, பாதி இடங்களில் மட்டும் ஆலோசகர்கள் இருந்தார்கள். 2010இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. நோய் உறுதிசெய்யப்பட்டவர்களில், ஆலோசகர் இருந்த அரசு நிலையங்களில் ஆறு மாதத்தில் குணமடைந்தவர்கள் 66 சதவீதம். இல்லாத நிலையங்களில் 42.5.

தனியார் டாக்டர்களிடம் வித்தியாசமே இல்லை என்பதுதான் வேடிக்கை. ஊர் டாக்டருக்குக் குடும்பத்தைத் தெரியும், மாமியாரையும் தெரியும். பெயர் வைக்காமலே அவர் கவுன்சலிங் செய்துகொண்டிருந்தார் போலும்.

அடுத்த சோதனை, 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களிடம். இதன் முடிவு 2016 டிசம்பரில் வந்தது. ஒவ்வொருவருக்கும் 6 முதல் 8 சந்திப்புகள். சந்திப்புக்கு அரை மணியோ சற்று அதிகமோ. நிலையத்துக்கு வர முடியாதவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்தார்கள். பேச்சில் பெரிய தத்துவம் ஏதுமில்லை. சோர்வில் விட்டுப்போன காரியங்கள் எவை, அவற்றில் எதை நாளைக்கே தொடங்கலாம், யாரிடம் உதவி கேட்கலாம் என்று உட்கார்ந்து யோசிப்பதுதான் சிகிச்சை. மூன்று மாதத்தில் 64 சதவீதத்தினர் மீண்டார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39. இன்னொரு விஷயம் தலைப்புச் செய்தியாகியிருக்க வேண்டும்: ஆலோசனை பெற்ற பெண்கள் கணவனிடம் அடி வாங்குவதும் குறைவாக இருந்தது. ஒருவர் எழுந்து நின்றால் வீட்டுக்குள்ளும் ஏதோ மாறுகிறது.

குடும்பத்தையும் சேர்த்துப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். நோயைப் பற்றி அவர்களிடம் பேசினார், பராமரிக்கக் கற்றுக்கொடுத்தார். நோயாளிகள் வீடு திரும்புவது சுலபமாயிற்று. கூடாரத்துக்கு ஆன செலவு, கட்டடத்துக்கு ஆகியிருக்கக்கூடியதில் ஒரு துளி.

ஆக, மலிவான ஆலோசனை சாத்தியமா என்ற கேள்விக்கு இந்தியா பதில் சொல்லிவிட்டது. அதை எல்லோருக்கும் கொண்டுபோவதில்தான் தயக்கம். 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி வயதுவந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு. கோளாறின் வகையைப் பொறுத்து, அவர்களில் 70 முதல் 92 சதவீதத்தினருக்குச் சிகிச்சை எட்டவில்லை. நகரத்துத் தனியார் ஆலோசகரிடம் வாராவாரம் போவது மாதச் சம்பளக்காரருக்கே கட்டுப்படியாகாது. மருத்துவக் காப்பீட்டில் மனநோயையும் சேர்க்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும். பேசிவிட்டு வந்ததற்குத் தராது.

சட்டத்தைப் படித்துப் பார்ப்பவருக்கு ஆச்சரியம் காத்திருக்கிறது. 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18வது பிரிவு, கட்டுப்படியாகும் செலவில் மனநல சேவை பெறுவதை உரிமை என்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, கையில் அதற்கான அட்டை இல்லாவிட்டாலும், இலவசம். நோயாளியின் குடும்பத்துக்கு உதவும் சேவைகளும் அதே பிரிவில் வருகின்றன. குறைந்தபட்ச சேவைகள் மாவட்டத்தில் இல்லையென்றால், அந்த மாவட்டத்திலேயே வேறு இடத்தில் சிகிச்சை பெறலாம். செலவை அரசு ஏற்க வேண்டும். இந்த வரியைக் காட்டி எத்தனை பேர் பணம் கேட்டிருப்பார்கள்?

கேட்க வேண்டிய முதல் இடம் மாவட்ட அரசு மருத்துவமனை. கர்நாடகத்தின் பெல்லாரியில் நிம்ஹான்ஸ் 1980களில் நடத்திக்காட்டிய மாதிரியை வைத்து 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது. இன்று 700க்கும் அதிகமான மாவட்டங்களுக்கு அது அனுமதிக்கப்பட்டிருக்கிறது. மனநல மருத்துவரோடு உளவியலாளரும் சமூகப் பணியாளரும் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. காகிதத்தில் உள்ள பதவியில் எல்லா ஊரிலும் ஆள் இருப்பதில்லை. அதனால் "டாக்டர் எப்போது வருவார்?" என்று மட்டும் கேட்டுத் திரும்பாமல், "கவுன்சலிங் யார் தருகிறார்கள், எந்தக் கிழமை?" என்றும் கேட்பது நல்லது.

ஊரைவிட்டு ஊர் வந்தவர்களுக்கு இன்னொரு தடை மொழி. அலுவலகத்தில் சரளமாக இந்தி பேசுகிறவருக்குக்கூட, அப்பா இறந்தபின் தூக்கம் போனதை இந்தியில் சொல்ல வராது. தாராவியில் இருக்கும் தாய்க்கு மராத்தி ஆலோசகரிடம் மகனின் குடியைப் பற்றி எப்படிச் சொல்ல வரும்? 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் இந்த இடத்தில் உதவுகிறது. 14416 என்ற எண்ணை 24 மணி நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை. பேசும் மொழியைத் தேர்ந்தெடுக்கலாம், தமிழும் அவற்றில் ஒன்று. முதலில் பேசுபவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடமோ அருகிலுள்ள மருத்துவமனைக்கோ அனுப்புகிறார்கள். நோயாளிதான் பேச வேண்டும் என்றில்லை. தாயும் பேசலாம்.

போன் குரல் ஒரு தொடக்கம். அரை மணி நேரம் எதிரே உட்கார்ந்து கேட்கிற ஆளை அது தராது. கோவாவின் ஆலோசகர் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் உட்கார, டாக்டர் பட்டம் தேவையில்லை. ஒரு நாற்காலி, மாதச் சம்பளம், அவ்வப்போது மேற்பார்வை போதும். பட்ஜெட் உரைகளில் அந்த நாற்காலிக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.