டி.ஜே.யின் காதுக்கு ஒரு மானிட்டர்

இரவு பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்கிறது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. இந்த வாரம் மதுரையில் ஒரு திறந்தவெளிக் கல்யாண வரவேற்பில் அது காற்றில் பறந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். சத்தத்தோடு எனக்குள்ள பகை உங்களுக்குப் பழசு. ஆனால் அன்று என்னை அதிகம் படுத்தியது தாளம். ஒரு பாட்டின் மேல் அடுத்த பாட்டு ஏறும்போதெல்லாம் இரண்டு டிரம்மும் குதிரைக் குளம்படிபோல் முன்னும் பின்னுமாக இடித்தன. ஆடிய பிள்ளைகளின் கால் தடுமாறி நின்றது.

டி.ஜே. தம்பியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஸ்பீக்கர்கள் மேடையோரம், அவர் மேஜையோ பின்கோடியில், பந்திக்குப் போகும் வழியருகே. பக்கத்தில் மானிட்டர், அதாவது அவர் கேட்பதற்கென்று ஒரு தனி ஸ்பீக்கர், இல்லை. "கேட்டேண்ணே. அதான் அங்க இவ்வளவு பெருசா அலறுதே, உனக்கு எதுக்குத் தனியான்னுட்டாங்க" என்றார்.

எதற்கென்று சொல்கிறேன். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஸ்பீக்கரிலிருந்து 17 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அது நொடியில் இருபதில் ஒரு பங்கு பிந்தி வரும். நிமிடத்துக்கு 120 தட்டு விழும் பாட்டில் ஒரு தட்டுக்கு அரை நொடி. அதில் பத்தில் ஒரு பங்கு பிசகிவிடுகிறது. ஒரு காதில் ஹெட்போன் வழியாக அடுத்த பாட்டு உடனே கேட்கிறது, மறு காதில் ஓடுகிற பாட்டு தாமதமாக வருகிறது. தன் காதுக்குச் சரியாகச் சேர்த்தால் சபைக்குத் தப்பாகிறது. இரண்டு பாட்டையும் ஹெட்போனிலேயே கலந்து கேட்டுச் சமாளிக்கலாம்; அப்போது சபையில் என்ன கேட்கிறது என்பது தெரியாமல் போகும்.

இந்தக் கலையே காதை நம்பி வளர்ந்தது. 1970 வாக்கில் நியூயார்க்கின் சாங்சுவரி கிளப்பில் பிரான்சிஸ் கிராஸோ, அடுத்த இசைத்தட்டை ஹெட்போனில் கேட்டுத் தாளம் பிசகாமல் ஏற்றிக் காட்டினார். நம் சபா மேடையிலும் வித்வான் உட்கார்ந்ததும் மைக்காரரிடம் மானிட்டரைத்தானே முதலில் விசாரிக்கிறார்? அதே மரியாதை டி.ஜே.க்கும் உரியது.

டி.ஜே. பேசும் கல்யாண வீட்டாரே, ஒரு மானிட்டரையும் சேர்த்துப் பேசுங்கள். அவர் காது உயரத்தில், ஹெட்போன் மூடாத காதின் பக்கம், ஓரிரு மீட்டருக்குள் வையுங்கள். தம்பிகளே, பாட்டு மாற்றாத நேரத்தில் அதைக் குறைத்துவிடுங்கள். 100 டெசிபலை ஒரு நாளில் கால் மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. உங்கள் பிழைப்பே அந்தக் காதுதான்.